கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு மதகு

சுவிட்சைப் போட்டேன். பெட்டியின் நெற்றியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. என் அக்கா மகள் எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கம்பியை மீட்டினாள். பெட்டியிலிருந்து சத்தமே இல்லை.

"மாமா, பெட்டி ரிப்பேரா?"

"பொறு கண்ணு, இன்னும் சூடு ஏறல."

"பாட்டு வர்றதுக்கு எதுக்கு மாமா சூடு? இது என்ன தோசைக்கல்லா?"

அரை நிமிடம் போனது. பெட்டியின் பின்பக்கம் அவளை அழைத்துப் போய்க் காட்டினேன். திறந்த முதுகுக்குள்ளே இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். ஒன்று கட்டைவிரல் அளவு. மற்றொன்று அதைவிடப் பெரிது. இரண்டின் அடியிலும் விளக்குத் திரி போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு மினுக்கம். "இப்ப மீட்டு" என்றேன். மீட்டினாள். அறை முழுக்க ஒலி நிறைந்தது. அவள் நெஞ்சிலும் அதிர்ந்தது.

இது வால்வு ஆம்ப்ளிஃபயர். 70 வருடத்துக்கு முந்தைய முறையில், இப்போது புதிதாகச் செய்யப்பட்டது. விலை மலிவு, திறன் வெறும் 5 வாட், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகுதான். அக்கா மகள் கேட்ட கேள்விக்கு அன்று மாலை முழுவதும் பதில் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன், வாருங்கள்.

கம்பி அதிர்ந்தால் மின்சாரம்

சாதாரணக் கிடாரின் வயிறு உள்ளே காலியான மரப்பெட்டி. கம்பியின் அதிர்வு அந்தப் பலகைக்கு ஏறி, பலகை காற்றைத் தள்ளி, ஒலி பெரிதாகக் கேட்கிறது. வீணையின் குடமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. எலெக்ட்ரிக் கிடார்களில் பலவற்றின் உடம்பு கெட்டியான மரக்கட்டை. பெட்டியோடு இணைக்காமல் வாசித்தால், அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குக்கூடக் கேட்காது.

அதன் ரகசியம் கம்பிகளுக்குக் கீழே இருக்கிறது. அங்கே சில காந்தங்கள். அந்தக் காந்தங்களைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பெயர் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. காந்தப் புலம் மாறினால் அருகிலுள்ள சுருளில் மின்சாரம் பிறக்கும். இதை 1831ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். ஊருக்கே மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் இந்தக் கிடார் பிக்கப்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

கிடாரின் 'ஏ' கம்பி ஒரு விநாடிக்கு 110 முறை அதிரும். பிக்கப்பில் பிறக்கும் மின்சாரமும் 110 முறை முன்னும் பின்னும் ஓடும். கம்பி எப்படி ஆடுகிறதோ அப்படியே மின்சாரமும் ஆடும்.

ஒரு புதிர்: எலெக்ட்ரிக் கிடாரில் எஃகுக் கம்பிக்குப் பதிலாக நைலான் கம்பி போட்டால் என்ன ஆகும்? பெட்டி வாய் திறக்காது. நைலானைக் காந்தம் கண்டுகொள்வதே இல்லை!

பிக்கப்பில் பிறக்கும் மின்சாரம் மிக மிகச் சிறியது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் லைட் பேட்டரியே 1.5 வோல்ட் தருகிறது. இந்தச் சின்னஞ்சிறு மின்சாரத்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைத் தள்ள முடியாது. அதற்குத்தான் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

பெரிதாக்குவது என்றால் என்ன?

ஆம்ப்ளிஃபயர் என்ன செய்கிறது என்று கேட்டால், "சின்ன ஒலியைப் பெரிதாக்குகிறது" என்று எல்லோரும் சொல்வோம். உள்ளே நடப்பது வேறு. சின்ன மின்சாரத்தை ஊதிப் பெரிதாக்க எந்தக் கருவியாலும் முடியாது. இல்லாத சக்தி எங்கிருந்து வரும்?

ஏரிக் கரைக்குப் போயிருக்கிறீர்களா? ஏரி நிறைய தண்ணீர். வெளியே வாய்க்கால். நடுவில் மதகு. மதகின் பலகையை ஒருவர் கையால் கொஞ்சம் தூக்கினால் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. கொஞ்சம் இறக்கினால் குறைகிறது. அவர் கையை ஒரு தாளத்தோடு ஏற்றி இறக்கினால், வாய்க்கால் தண்ணீரும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். தண்ணீரைத் தள்ளியது அவர் கையா? இல்லை. தள்ளியது ஏரி. அவர் கை வழி மட்டும் காட்டியது.

ஆம்ப்ளிஃபயரில் ஏரி என்பது நம் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். கிடாரிலிருந்து வரும் மெல்லிய மின்சாரம்தான் மதகுக்காரரின் கை. மதகு எது? அந்தக் கண்ணாடிக் குமிழ்! இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு 'வால்வு' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் 'டியூப்' என்பார்கள். நம் தாத்தா பாட்டிகள் 'வால்வு ரேடியோ' என்று சொன்னதும் இந்தக் குமிழை வைத்துத்தான்.

கறுத்துப்போன பல்பு சொன்ன சேதி

இந்த மதகை யார் கண்டுபிடித்தார்கள்? கதை ஒரு பல்பில் தொடங்குகிறது.

1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனுக்கு ஒரு தொல்லை. அவருடைய பல்புகளின் கண்ணாடி நாள் செல்லச் செல்ல உட்புறம் கறுத்தது. காரணம் தேட, பல்புக்குள் கூடுதலாக ஓர் உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தார். பல்பில் எரியும் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே எந்தக் கம்பியும் இல்லை. காற்றுகூட இல்லை. ஆனாலும் தகட்டை நேர்மின் முனையோடு இணைத்தபோது, வெறுமையைத் தாண்டி மின்சாரம் ஓடியது! முனையை மாற்றி இணைத்தால் ஓடவில்லை.

எடிசன் இதைக் குறித்துவைத்தார், காப்புரிமையும் வாங்கினார். ஆனால் காரணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருக்கவும் முடியாது. எலெக்ட்ரான் என்ற துகள் இருப்பதை ஜே. ஜே. தாம்சன் காட்டியதே 1897ல்தான்.

இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் ஆவி கிளம்புகிறது அல்லவா? சூடான தண்ணீரிலிருந்து நீர் மூலக்கூறுகள் தப்பி வெளியேறுவது போல, சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் தப்பி வெளியேறுகின்றன. எலெக்ட்ரான் எதிர்மின் கொண்டது. நேர்மின் கொண்ட தகடு அதை இழுக்கும். எதிர்மின் தகடு விரட்டும். எடிசன் பார்த்த அதிசயம் இதுதான்.

லண்டனில் எடிசன் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங். 1904ல் அவர் இதை ஒரு கருவியாக்கினார். ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் குமிழ் அது. ஆனால் அதில் கதவு இருந்ததே தவிர, கதவை ஆட்டும் கை இல்லை.

1906ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அந்தக் கையைச் சேர்த்தார். இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வளைத்து நெளித்த ஒரு மெல்லிய கம்பியை வைத்தார். கம்பி வலை போன்ற இந்த உறுப்புக்கு 'கிரிட்' என்று பெயர். ஒரு சின்னக் கம்பி வலை உலகத்தையே மாற்றிவிட்டது. 1915ல் நியூயார்க்கில் இருந்தவர் கண்டத்தின் மறுகோடியில் உள்ள சான் பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசியில் பேசினார். வழியில் தேய்ந்துபோகும் குரலுக்கு ஆங்காங்கே வலு சேர்த்தவை இந்தக் குமிழ்கள்தாம். வானொலி, பேசும் சினிமா, தொலைக்காட்சி எல்லாம் இதன் பின்னால் வந்தன.

குமிழுக்குள் எட்டிப் பார்ப்போம்

இப்போது நம் பெட்டியின் குமிழுக்குள் போவோம். நடுவில் ஒரு மெல்லிய உலோகக் குழாய். அதற்குப் பெயர் கேத்தோடு. குழாய்க்குள் சூடேற்றும் இழை ஒன்று இருக்கிறது. நாம் பார்த்த ஆரஞ்சு மினுக்கம் அதுதான். எலெக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்புவதற்காகக் குழாயின் வெளிப்புறத்தில் பேரியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடைப் பூசியிருப்பார்கள். இழை சூடாகி, குழாய் சூடாகி, எலெக்ட்ரான் ஆவி கிளம்புவதற்குத்தான் அந்த அரை நிமிடம். அக்கா மகளின் தோசைக்கல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கல் காய்ந்தால்தான் தோசை; கேத்தோடு காய்ந்தால்தான் ஓசை.

கேத்தோடைச் சுற்றிக் கம்பி வலையான கிரிட். அதையும் சுற்றி வெளியே உலோகத் தகடு. அதற்கு பிளேட் என்று பெயர். பிளேட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்திருப்பதால், அது எலெக்ட்ரான்களைப் பலமாக இழுக்கும். கிரிட் கொஞ்சம் எதிர்மின்னாக இருந்தால் எலெக்ட்ரான்களை மறிக்கும். எதிர்மின் குறைந்தால் வழி விடும். கிடாரின் மின்சாரத்தைக் கிரிட்டில் கொடுத்தால் கதவு விநாடிக்கு 110 முறை கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடும். பிளேட்டை அடையும் பெரிய எலெக்ட்ரான் வெள்ளமும் அதே தாளத்தில் கூடிக் குறையும்.

உள்ளே காற்று துளியும் கூடாது. காற்று இருந்தால் எலெக்ட்ரான்கள் அதன் மூலக்கூறுகள் மேல் மோதித் தடுமாறும். சூடான பாகங்களும் கெட்டுவிடும். கண்ணாடியின் உட்புறம் ஓரிடத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு ஒன்று தெரியும். அது அழகுக்கு அல்ல. உள்ளே மிச்சம் மீதி இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொள்ளும் பேரியம் பூச்சு. குமிழில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்தப் பளபளப்பு பால் வெள்ளையாக மாறிவிடும். வெள்ளையான குமிழ் இனி வேலை செய்யாது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

பெட்டிக்குள் ஒரு பயணம்

ஒரு மதகு போதாது. அதனால் கிடாரின் மின்சாரம் அடுத்தடுத்து மதகுகளைத் தாண்டுகிறது.

முதலில் சின்னக் குமிழ். அதன் பெயர் 12ஏஎக்ஸ்7. முன்னால் உள்ள 12, அதன் சூட்டு இழைக்கு ஏறத்தாழ 12 வோல்ட் வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி மதகுகள் அடங்கியிருக்கின்றன. ஒரு மதகே மின்னழுத்தத்தை 50 மடங்கு அளவுக்கு உயர்த்தும். முதல் மதகு, பிறகு ஒலியைக் கூட்டும் திருகு, பிறகு இரண்டாம் மதகு.

அடுத்தது பெரிய குமிழ், 6வி6. இதுதான் பலசாலி. ஆனால் இதன் பலம் உயர்ந்த வோல்ட், குறைந்த மின்னோட்டம் என்ற வடிவில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர்மாறு: குறைந்த வோல்ட், நிறைந்த மின்னோட்டம். மேட்டில் ஏறும்போது சைக்கிளின் கியரை மாற்றுகிறோமே, அது போல இங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கியர் மாற்றிக் கொடுக்கிறது.

கடைசியில் ஸ்பீக்கர். அதிலும் ஒரு காந்தம், ஒரு சுருள். பிக்கப்பில் கம்பியின் ஆட்டம் மின்சாரமானது. இங்கே மின்சாரம் மீண்டும் ஆட்டமாகிறது. காகிதக் கூம்பு விநாடிக்கு 110 முறை முன்னும் பின்னும் போய்க் காற்றைத் தள்ளுகிறது. பயணத்தின் தொடக்கத்திலும் காந்தம், முடிவிலும் காந்தம்.

யாரும் வாசிக்காதபோது பெட்டி மெல்ல 'ம்ம்ம்' என்று முனகும். கிடாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பினால் முனகல் கூடும், குறையும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. சுற்றியுள்ள வயர்களும் கருவிகளும் உண்டாக்கும் காந்தப் புலத்தையும் பிக்கப் பிடித்துவிடுகிறது. அது கம்பியின் ஆட்டம், வீட்டு வயரின் ஆட்டம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத காந்தப் புலத்தைக் காதால் கேட்கும் வாய்ப்பு இது!

கிடார் வாசிக்கத் தெரியாதவர் செய்த பெட்டி

என் பெட்டியின் மூதாதை அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரத்தில் பிறந்தது. அதைச் செய்தவர் லியோ ஃபெண்டர். படித்தது கணக்குப் பதிவியல். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். 1938ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார். பாட்டுக்காரர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபயர்களை ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். எது அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று பார்த்துப் பார்த்து, கெடாத பெட்டியைத் தானே செய்யத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் கிடார்களையும் உருவாக்கினார். ஆனால் கிடார் வாசிக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை! வாசிப்பவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அதுவே அவருடைய பெரிய திறமை.

1940களின் இறுதியில் மாணவர்களுக்காக அவர் நிறுவனம் ஒரு குட்டிப் பெட்டியை விற்றது. பிறகு அதற்கு 'சேம்ப்' என்று பெயர் வந்தது. கிடார் கற்கத் தொடங்கும் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும், அதுதான் குறிக்கோள். 1950களின் பிற்பாதியில் வந்த சேம்ப்பில் மூன்றே குமிழ்கள்: நாம் பார்த்த இரண்டு, கூடவே மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசையாக்கும் 5ஒய்3. திறன் சுமார் 5 வாட். ஒலியைக் கூட்ட ஒரே திருகு. அதன் வடிவம் கோழித் தலை போல இருக்கும். எண்கள் 12 வரை. பெட்டியின் மேல், அந்தக் காலத்துப் பயணப் பெட்டிகளுக்கு ஒட்டும் மஞ்சள் கோடிட்ட துணி.

மலிவாக்க வேண்டும் என்பதற்காகப் பாகங்களைக் குறைத்தார்கள். பாகங்கள் குறைந்ததால் கிடாருக்கும் காதுக்கும் நடுவே தடை குறைந்தது. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும். மாணவர்களுக்கான பெட்டியை மேதைகளும் தேடி வந்தார்கள். 1970ல் எரிக் கிளாப்டனின் குழு மயாமியில் 'லைலா' பாடலைப் பதிவு செய்தபோது கையாண்டது இப்படிப்பட்ட குட்டிப் பெட்டிகளைத்தான்.

இன்று பழைய சேம்ப் பெட்டிகள் சேகரிப்பாளர்களின் கைப்பொருள், விலை எட்டாது. ஆனால் அந்தச் சுற்றின் படம் எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் பல நிறுவனங்கள் அதே பாணியில் 5 வாட் பெட்டிகளைச் செய்தன. இரண்டே குமிழும் ஒரே திருகும் கொண்ட எப்பிஃபோன் வால்வ் ஜூனியர் அவற்றில் ஒன்று. பழைய பெட்டியில் ஒவ்வொரு கம்பியையும் கையால் பற்றவைத்தார்கள். புதியதில் அச்சிட்ட சர்க்யூட் பலகை இருக்கும். மூன்றாவது குமிழின் வேலையைச் சின்ன டையோடுகள் செய்யும். விலை குறைந்ததற்கு இவைதான் காரணம். மதகு மட்டும் அதே மதகு.

குறையே அழகான கதை

மதகுப் பலகையை அடிவரை இறக்கிவிட்டால், அதற்குமேல் மூட முடியுமா? முழுதும் தூக்கிவிட்டால், அதற்குமேல் திறக்க முடியுமா? முடியாது. குமிழும் அப்படித்தான். கம்பியைப் பலமாக மீட்டி, திருகையும் கூட்டிவிட்டால், அலையின் உச்சி குமிழின் எல்லையில் இடிக்கும். அலையின் தலை தட்டையாகும்.

வரைந்து பாருங்கள். கிராஃப் தாளில் மலையும் பள்ளமுமாக ஓர் அலை வரையுங்கள். மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதற்கு மேலே உள்ளதை அழித்துவிடுங்கள். இப்போது மூலைகள் கூராக நிற்கும். வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வைத்த சாதாரண ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெட்டும். அடுத்த அலையில் அந்த மூலைகளை விரலால் தேய்த்தது போல வளைத்து வரையுங்கள். வால்வு அலையை இப்படி மெல்ல மெல்ல அமுக்கி வளைக்கிறது.

தட்டையான அலைக்குள் புது ஸ்வரங்கள் பிறக்கின்றன! 110 முறை அதிரும் ஒலியோடு அதன் இரு மடங்கு 220, மூன்று மடங்கு 330, நான்கு மடங்கு 440 என்று துணை ஒலிகள் சேரும். 110ஐ 'ச' என்று வைத்துக்கொண்டால், 220 மேல் ஸ்தாயி 'ச'. 330 அதற்கு மேலுள்ள 'ப'. 440 இன்னொரு மேல் 'ச'. தம்புராவின் நாதம் நிறைவாகக் கேட்பதும் இப்படிப்பட்ட துணை ஒலிகளால்தான். ஒற்றைப் பெரிய குமிழ் உள்ள குட்டிப் பெட்டிகளில் இரு மடங்கு ஒலி நன்றாகவே சேர்கிறது. 'வால்வுச் சத்தம் இதமாக இருக்கிறது' என்று வாசிப்பவர்கள் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் பொறியாளர்கள் இதைக் குறை என்றே கருதினார்கள். ஒலி சிதைகிறதே, இதை எப்படித் தவிர்ப்பது என்று பாடுபட்டார்கள். வாசித்த இளைஞர்களுக்கோ அந்தக் கரகரப்பு பிடித்துப்போனது. 1964ல் லண்டனில் 'கின்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன், தன்னிடமிருந்த மலிவான குட்டி ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கீறினார். கிழிந்த காகிதம் உறுமியது. அந்த உறுமலோடு பதிவான 'யூ ரியலி காட் மீ' பாடல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. நீங்கள் ஸ்பீக்கரைக் கீற வேண்டாம். திருகை மெல்லக் கூட்டினாலே போதும்.

5 வாட் போதுமா?

"50 வாட் பெட்டி இதைவிடப் பத்து மடங்கு சத்தமா கேக்குமா மாமா?"

கேட்காது. நம் காதின் கணக்கு வேறு. சக்தி பத்து மடங்கு ஆனால், காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரு மடங்காகத்தான் தெரியும். 5 வாட் பெட்டியே ஒரு வீட்டுக்கு நிறைய. குமிழை அதன் எல்லைவரை தள்ளினால்தான் அந்த இனிய கரகரப்பு வரும். 50 வாட் பெட்டியை வீட்டில் அந்த அளவுக்குத் தள்ளினால் தெருவே திரண்டு வரும். ஆகவே வீட்டில் வாசிப்பவருக்குச் சிறியதே சிறந்தது, விலையும் குறைவு. 5 வாட் என்றாலும் காதுகளைக் காக்க வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் தலையை வைக்காதீர்கள். நீண்ட நேரம் உரக்க வாசிக்காதீர்கள்.

பார்க்கலாம், தொடக் கூடாது

இந்தப் பெட்டியைப் பின்பக்கமிருந்து பார்க்கலாம். கழற்றக் கூடாது. உள்ளே 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கண்டன்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பழுது பார்ப்பது அனுபவம் உள்ள மெக்கானிக்கின் வேலை.

எரியும் குமிழ் விரலைச் சுட்டுவிடும். அணைத்த பிறகும் நன்றாக ஆறட்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் இணைப்பு கட்டாயம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஓட விடக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால், பின்னால் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படியுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட். மாற்றாமல் செருகினால் பெட்டி புகைந்துவிடும்.

குமிழ்கள் சாக்கெட்டில் செருகி எடுக்கக்கூடியவை. பெரிய குமிழ் சீக்கிரம் தேயும். சின்னது பல வருடம் வரும். தேய்ந்தால் பல்பைப் போல வேறொன்று மாற்றலாம். அதையும், பெட்டி நன்றாக ஆறிய பிறகு, பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

அணையாத ஆரஞ்சு

1946ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. ஒரு பெரிய கூடத்தையே அது அடைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1947ல், பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்; அதே மதகு வேலையை மண்ணில் கிடைக்கும் பொருளாலான ஒரு சிறு துண்டு செய்தது. வால்வுகள் ஒவ்வோர் இடமாக விடைபெற்றன. டிரான்சிஸ்டர் வந்த பிறகும் நம் நாட்டில், பெங்களூருவில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961ல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். வால்வு ரேடியோவைப் போட்டுவிட்டு, அது சூடாகும் வரை காத்திருந்து செய்தி கேட்ட நாட்களைச் சொல்வார்கள்.

ஆனால் கிடார் வாசிப்பவர்களில் பலர் வால்வை விடவில்லை. அவர்களுக்காக இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா நாடுகளின் தொழிற்சாலைகளில் இந்தக் குமிழ்கள் தயாராகின்றன.

அன்று இரவு பெட்டியை அணைத்தபோது, ஆரஞ்சு மினுக்கம் மெல்ல மெல்ல மங்குவதை அக்கா மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மதகை மூடியாச்சு" என்றாள்.

ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அது முழுதும் நம்முடையதாகிறது. உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டுப் பரணிலோ பழைய வால்வு ரேடியோ இருக்கலாம். குப்பைக்குப் போடவிடாதீர்கள். பிளக்கைச் செருகாமல், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். கண்ணாடிக் குமிழின் உள்ளே வெள்ளிப் பூச்சு பளபளக்கிறதா என்று தேடுங்கள். பளபளத்தால், அந்த மதகுக்குள் இன்னும் காற்று புகவில்லை.